வாங்கிய ஸ்டார்ட்அப்பை இணைப்பதா, தனியே விடுவதா?

பெரிய கம்பெனி கைக்குப் போன பிறகு ஸ்டார்ட்அப்புகள் பல படுத்துவிடுவது இந்த ஒரு முடிவில்தான். விலை பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும்.

வேகம்
இணைத்தால்: ஒரு பட்டனை மாற்றக்கூட சட்டப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு, பிராண்ட் பிரிவு என்று அலைய வேண்டும்.
தனியே விட்டால்: காலையில் பேசியது மாலையில் வெளிவரும்.

செலவு
இணைத்தால்: சர்வர், கணக்கு, விற்பனை எல்லாம் பொது, நல்ல மிச்சம்.
தனியே விட்டால்: எல்லாமே இரட்டை.

ஆட்கள்
நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். இணைத்தால் நிறுவனர் நடுமட்ட மேலாளர் ஆகிவிடுகிறார். பங்குகள் முழுதாகக் கைக்கு வரும் நாளுக்காகக் காத்திருப்பார், அப்புறம் கிளம்பிவிடுவார். அவரோடு நல்ல பொறியாளர்களும் போவார்கள். தனியே விட்டாலும் உத்தரவாதம் இல்லை. 2012-இல் ஃபேஸ்புக்குக்கு விற்கப்பட்ட இன்ஸ்டாகிராமின் நிறுவனர்கள் 2018-இல் வெளியேறினார்கள்.

பயனர்கள்
புகைப்படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கரை யாஹூ 2005-இல் வாங்கியது. 2007-இல் பழைய பயனர்களும் யாஹூ கணக்கு வழியாகத்தான் நுழைய வேண்டும் என்றது, கோபம் கொந்தளித்தது. 2018-இல் ஃபிளிக்கர் ஸ்மக்மக் என்ற இன்னொரு புகைப்பட நிறுவனத்தின் கைக்கு மாறியது. கூகுளோ 2006-இல் 165 கோடி டாலருக்கு வாங்கிய யூடியூபின் பெயரைத் தொடவில்லை. தன் சொந்த வீடியோ சேவையைத்தான் பின்னால் மூடியது.

தொழில்நுட்பம் மட்டும் வேண்டும், பயனர் கூட்டம் சிறியது என்றால் இணைப்பதே சரி. மக்கள் அந்தப் பெயருக்காகவே வருகிறார்கள் என்றால் தனியே விடுங்கள். அப்போதும் எந்த முடிவுக்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.