கீழமாசி வீதிக் கடைக்குக் கிடைத்த கணினிக் காவல்

மதுரை கீழமாசி வீதியில் உள்ள எங்கள் பலசரக்கு மொத்தக் கடையின் 12 கணினிகளைப் பாதுகாக்கும் பொறுப்பை, கே.கே. நகரில் இயங்கும் ஒரு சிறு நிறுவனத்திடம் ஒப்படைத்து ஆறு மாதங்கள் ஆகின்றன. முதல் நாளே பில் போடும் கணினியைச் சோதித்த பொறியாளர், 2020 ஜனவரியோடு ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் 7 அதில் இன்னும் ஓடுவதையும், 2017-இல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவ வழிவிட்ட பழைய கோப்புப் பகிர்வு வசதி திறந்தே கிடப்பதையும் காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டையும் உடனே சரிசெய்தார்கள். கணக்குகளின் நகலை, இணைப்பிலிருந்து கழற்றி வைக்கும் வன்தட்டு ஒன்றிலும் எடுத்ததோடு, ஒரு சனிக்கிழமை இரவு கடை அடைத்த பின் அதிலிருந்து முழுவதையும் மீட்டுக் காட்டினார்கள். கொடுத்த பணத்துக்கு இதுவே போதும். ஆனால் கணினித் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022 விதியை, நாங்கள் கேட்ட பிறகே விளக்கினார்கள். ஞாயிறன்று தொலைபேசியை எடுப்பதும் இல்லை.