கிராம்ப்ஸ்: வம்சாவளிக்கு ஒரு கறாரான கணக்குப்பிள்ளை

தாத்தா பெயரைத் தட்டியதும் கிளைவிட்ட மரத்தை அழகாக வரைந்து தரும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. அவசரமாக ஒரு படம் வேண்டுமென்றால் அங்கேயே போய்விடுங்கள். கிராம்ப்ஸ், 2001இல் தொடங்கி தன்னார்வலர்கள் வளர்த்துவரும், வம்சாவளியைப் பதிந்துவைக்கும் கட்டற்ற மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். இலவசம். தரவு முழுக்க உங்கள் கணினியிலேயே இருக்கும். புது மரம் ஒன்றைத் திறந்தால் வரவேற்பது வெற்றுப் பட்டியல்கள்: ஆட்கள், குடும்பங்கள், நிகழ்வுகள், இடங்கள், மூலங்கள், மேற்கோள்கள். பலர் இந்த இடத்திலேயே மூடிவிடுவார்கள்.

பொறுத்தவர்களுக்குப் பலன் உண்டு. இதில் பிறந்த தேதி என்பது ஆளோடு ஒட்டிய ஒரு கட்டமாக இல்லாமல் தனி நிகழ்வாக நிற்கிறது. பள்ளிச் சான்றிதழ் ஒரு வருடம் சொல்ல, கல்லறைக் கல் வேறொன்று சொன்னால், இரண்டையும் இரு பிறப்பு நிகழ்வுகளாகப் போட்டு அதனதன் ஆதாரத்தை இணைக்கலாம். பட்டியலில் முதலில் நிற்பதையே வரைபடங்களும் அறிக்கைகளும் பிறப்பாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் நம்புவதை மேலே நகர்த்துங்கள். ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஐந்து படிகளில் நம்பகத்தன்மை குறிக்கலாம். பாட்டி வாய்மொழியாகச் சொன்னதற்கும் பதிவேட்டில் இருப்பதற்கும் ஒரே மதிப்பெண் போடாதீர்கள்.

புதியவர்கள் சறுக்குவதும் இங்கேதான். பதிவேடு ஒரு மூலம். பக்க எண்ணும் வரி எண்ணும் மேற்கோள். இதை விட்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் புது மூலம் உருவாக்கினால், சீக்கிரமே ஒரே பதிவேடு பத்து பெயர்களில் கிடக்கும். மூலத்தை ஒரு தடவை பதிந்துவிட்டு, மேற்கோளை கிராம்ப்ஸின் கிளிப்போர்டு சாளரத்தில் இழுத்துப் போட்டு, தேவைப்படும் நிகழ்வுகளுக்கு அங்கிருந்து இழுத்துக்கொள்ளுங்கள்.

தேதி விஷயத்தில் தாராளம். 'சுமார் 1890', '1900க்கு முன்', '1888க்கும் 1892க்கும் இடையில்' என்பதையெல்லாம் அப்படியே ஏற்று, வயதும் கணக்கிடும். ஜூலியன், இஸ்லாமிய, யூத, பாரசீக நாள்காட்டிகளும் உண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சி நாள்காட்டி இல்லை. அத்தகைய தேதியை வெறும் எழுத்தாக இட்டால் வரிசைப்படுத்தலில் நிற்காது. ஆகவே ஆங்கில ஆண்டுக்கு மாற்றி இட்டு, மூல வாசகத்தைக் குறிப்பில் வைப்பதே வழி. மாற்றும்போது எந்தச் சுற்று என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்துச் சரிபார்க்க வேண்டும்; 60 வருடம் தவறினால் இரண்டு தலைமுறையே எகிறிவிடும்.

இடங்களை ஒன்றுக்குள் ஒன்றாக, ஊர், மாவட்டம், நாடு என்று அடுக்கலாம். எந்த ஆண்டு முதல் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதையும் சேர்க்கலாம். எல்லைகள் மாறிய பகுதிகளில், பழைய ஆவணத்தை எந்த அலுவலகத்தில் தேடுவது என்று இதுவே காட்டிக்கொடுக்கும். எனக்குத் தெரிந்து இந்த மென்பொருளின் மிகச் சிறந்த பகுதி இதுதான்.

சொந்தத்துக்குள் திருமணம் நடந்த குடும்பங்களையும் திணறாமல் தாங்கும். ஒரே முன்னோர் மூதாதையர் வரைபடத்தில் இரண்டு இடங்களில் தெரிவார். அதைப் பிழையென்று நினைத்து நீக்கிவிட வேண்டாம்.

குறைகளுக்கு வருவோம். புகைப்படத்தை இது உள்ளே வைத்துக்கொள்வதில்லை, கோப்பு இருக்கும் பாதையை மட்டும் நினைவில் வைக்கிறது. கோப்புறையை நகர்த்தினால் படங்கள் காணாமல் போகும். தொடக்கத்திலேயே எல்லாப் படங்களையும் ஒரே கோப்புறையில் போட்டு, விருப்பத்தேர்வுகளில் அதை அடிப்படைப் பாதையாக அமைத்துவிடுங்கள். வரைபடங்களின் தோற்றம் சுமார் ரகம்.

வம்சாவளித் தரவைப் பரிமாறுவதற்கான பொது வடிவமான ஜெட்காம் (GEDCOM) கோப்பாக ஏற்றுமதி செய்தால் மற்ற மென்பொருள்களில் திறக்கும், ஆனால் இட அடுக்கு வெறும் காற்புள்ளி வரியாகச் சுருங்கிவிடும். படங்களும் உடன் போகாது. அதைக் காப்பு நகலாக நம்பக் கூடாது. காப்புக்கு, படங்களும் அடங்கிய, கிராம்ப்ஸின் சொந்த வடிவமான ஜிபிகேஜி (.gpkg) கோப்பே சரி. உறவினருக்கு அனுப்பும்போது, உயிரோடிருப்பவர்களின் விவரங்களை நீக்கும் தேர்வை ஏற்றுமதிச் சாளரத்தில் கட்டாயம் போடுங்கள். இறப்புத் தேதி இல்லாதவரையும் ஏறத்தாழ 110 வயது வரை உயிரோடிருப்பதாகவே இது எடுத்துக்கொள்ளும்.

புதுப் பதிப்புக்கு மாறுவதற்கு முன் பழையதிலேயே காப்பு எடுத்துவிடுங்கள். தரவுத்தளம் ஒருமுறை மேம்படுத்தப்பட்டால் பழைய பதிப்பில் திறக்காது.