திட்டாமல் திட்டும் மேசை நாட்காட்டி

நாளுக்கு ஓர் ஆங்கில மென்வசை (கூசும் சொல்லைக் கொஞ்சம் மாற்றி மழுப்பிச் சொல்வது), அது பிறந்த கதையோடு. ‘காட்’ (கடவுள்) என்பதை ‘காஷ்’ ஆக்கியதும் ‘ஹெல்’லை (நரகம்) ‘ஹெக்’ ஆக்கியதும் தெரிந்த கதைதான். எனக்குப் பிடித்தது ‘ஸவுண்ட்ஸ்’ தாள். ‘கடவுளின் காயங்கள் மேல் ஆணை’ என்பதன் சுருக்கமாம் அது! 1606இல் இங்கிலாந்தில் நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாக உச்சரித்தால் 10 பவுண்டு அபராதம் என்று சட்டம் வந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தின் 1622 பதிப்பில் இருந்த இச்சொல் 1623 பதிப்பில் காணோம். இதையும் அந்தத் தாளில் சேர்த்திருக்கலாம், சட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

‘ப்ளடி’ தாள்தான் எரிச்சல். ‘பை அவர் லேடி’யிலிருந்து (‘மேரி மாதா மேல் ஆணை’) வந்ததாம், அகராதிக்காரர்கள் ஏற்காத பழங்கதையை உறுதியான உண்மைபோல அச்சிட்டிருக்கிறார்கள். அப்புறம், தாள் நல்ல கனம். எழுத்துதான் பொடிப்பொடி, கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. மொழிப் பித்து உள்ளவர்களுக்குப் பரிசாகத் தரலாம்.