ராட்சசன்: பொம்மைத் தலையும் ஒரு சுவரும்

ஒரு பரிசுப் பெட்டி. உள்ளே முகத்தைக் கீறிச் சிதைத்த பொம்மைத் தலை. பள்ளி மாணவிகள் ஒவ்வொருத்தியாகக் காணாமல் போகும்போது இது கிடைக்கிறது. பிறகு கிடைக்கும் உடலின் முகத்திலும் அதே காயங்கள். 2018 அக்டோபரில் வந்த ‘ராட்சசன்’ படம் நம்மை இந்தப் பெட்டிக்குப் பழக்கிவிடுகிறது. அதன்பின் பெட்டியைப் பார்த்தாலே வயிறு கலங்கும், கொலையைக் காட்ட வேண்டியதில்லை.

இயக்குநர் ராம்குமாரின் முந்தைய படம் ‘முண்டாசுப்பட்டி’, முழு நகைச்சுவை. அதில் நடித்த விஷ்ணு விஷால்தான் இங்கே அருண். சினிமா இயக்க அலைகிறவன். தொடர் கொலைகாரர்களைப் பற்றிய கதைக்காக அவன் சேர்த்த செய்தித் துண்டுகள் சுவர் முழுக்க. வாய்ப்பு வரவில்லை, குடும்பத்துக்காக எஸ்.ஐ. ஆகிறான். நேற்று வந்த எஸ்.ஐ. கண்ணில் பட்டது மேலதிகாரி கண்ணில் ஏன் படவில்லை? அந்தச் சுவர்தான் பதில். மற்ற போலீஸ் படங்களில் இதை ‘ஹீரோவுக்கு மூளை ஜாஸ்தி’ என்று முடித்துவிடுவார்கள்.

திரைக்கதை எழுதுகிறவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியது, சந்தேகம் விழும் அந்த ஆசிரியர் பகுதியை. தேடிய ஆள் அவன் இல்லை. ஆனால் நல்லவனும் இல்லை, மாணவிகளிடம் அத்துமீறுகிறவன். அதனால் கதை திசை மாறும்போது ‘இவ்வளவு நேரம் வீணா?’ என்று தோன்றுவதில்லை. அருணின் வீடும் உள்ளே இழுக்கப்பட்டுவிடுவதால் பதற்றம் இன்னும் ஏறுகிறது.

இசையமைப்பாளர் ஜிப்ரானின் பியானோவுக்குப் பயமுறுத்துவதைத் தாண்டி கதைக்குள்ளேயே வேலை இருக்கிறது. ஹெட்போனில் பாருங்கள்.

சறுக்குவது பின்கதையில். சிறுவயது நோய், பள்ளியில் பட்ட அவமானம் என்று கொலைகாரனுக்குக் காரணம் அடுக்கத் தொடங்கியதும் வேகம் விழுகிறது. ஏன் செய்கிறான் என்று தெரியாததில்தான் பயமே இருந்தது. நோயைக் கொடூரத்தின் ஊற்றாக்கியதும் உறுத்தல். ஏசிபி லட்சுமி, அருண் வாயைத் திறந்தாலே மறுப்பதற்கென்று எழுதப்பட்டவர். அமலா பாலுக்குப் பெரிய வேலை இல்லை. கடைசிச் சண்டையில் பத்து நிமிடத்தை வெட்டினாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்கிற படம் அல்ல. தெலுங்கில் 2019-லும் இந்தியில் 2022-லும் மறுபடி எடுத்தார்கள். முடிச்சு தெரியாமல் ஒரே ஒரு தடவைதான் பார்க்க முடியும், அதைத் தமிழிலேயே பார்த்துவிடுங்கள்.