சனி ஞாயிறு எங்கே போகலாம்: நெடுந்தீவா, நயினாதீவா, வடமராட்சியா?

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்குப் பயணக் காசு ஒரு பெரிய பிரச்சினையே இல்லை. நகரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலத்தில் கடல் வந்துவிடும். பஸ்ஸும் ஓடுகிறது. காசு கரைவது பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான். அங்கே ஓட்டோ பிடிக்க வேண்டுமா, சாப்பாட்டை விலைக்கு வாங்க வேண்டுமா, திரும்பி வரும் பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன வழி? இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்தால், ஒரே திசையில் கிடக்கும் இரண்டு தீவுகளுக்குக்கூடச் செலவில் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும்.

நெடுந்தீவு, நயினாதீவு இரண்டுக்கும் வாசல் குறிகட்டுவான் இறங்குதுறை. யாழ். பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று போய் இறங்குதுறையிலேயே விடும். புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியில் இருபுறமும் கடல். காலை வெயில் ஏறுமுன் போனால் பறவைகளும் தெரியும், தண்ணீருக்குள் தடி நட்டுக் கட்டிய மீன்வலைகளும் தெரியும். யன்னலோர இருக்கை கிடைத்தால் பஸ் காசுக்கு அதுவே போதும்.

குறைந்த செலவு என்று பார்த்தால் நயினாதீவை அடிக்க ஆளில்லை. படகு அடிக்கடி ஓடும், கால் மணித்தியாலம் சொச்சத்தில் கரை. நாகபூசணி அம்மன் கோயில் இறங்குதுறைக்கு நேரே நிற்கிறது. நாகவிகாரைக்குக் கரையோரமாக நடந்தே போய்விடலாம். ஓட்டோவுக்கு வேலையே இல்லை. மத்தியானம் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் சோறு, கறி, பாயாசம். உண்டியலில் நீங்கள் விரும்பிப் போடுவதுதான் அதற்கான காசு. வயதான அம்மம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதைவிட இலேசான இடம் கிடையாது. ஒரு குறை உண்டு. படகில் கீழ்த்தட்டில்தான் பலரை இருத்துவார்கள். கூரை தலையில் முட்டும், காற்று வராது. வயிற்றைப் பிரட்டும் ஆட்கள் கொஞ்சம் காத்திருந்து, மேலே இடமிருக்கும் படகாகப் பார்த்து ஏறலாம். போயா (பௌர்ணமி) நாளிலும் ஆனி மாதத் திருவிழாக் காலத்திலும் கூட்டம் கடுமையாக இருக்கும். திருவிழா பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தக் கூட்டம்தான் பயணமே. சும்மா காற்று வாங்கப் போகிறவர்கள் வேறு கிழமை பார்ப்பது நல்லது.

நெடுந்தீவு அப்படியில்லை. அதே இறங்குதுறைதான், ஆனால் கடலில் மட்டும் ஒரு மணித்தியாலம். படகுகள் குறைவு. தீவுச் சனங்கள் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் என்று தங்கள் வாழ்க்கையை ஏற்றிக்கொண்டு போகிற படகு அது. இடத்துக்கு அவர்களோடு இடிபடுவது நமக்கு அழகில்லை. கரையேறிய பிறகு பார்க்க வேண்டியவை தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன: கல்லாய்க் கரைந்துகொண்டிருக்கும் கோட்டை, புறாக்கூடு, உள்ளே ஆள் நுழைந்து நிற்கக்கூடிய பெருக்கு மரம் (பேயோபாப்), தெற்கு வெளியில் கட்டாக்காலியாக மேயும் குதிரைகள். நடந்து பார்த்து முடிக்கிற பரப்பில்லை, ஓட்டோ பிடித்தே ஆகவேண்டும். இங்கேதான் காசு போகிறது. ஒருவராகப் போனாலும் நாலு பேராகப் போனாலும் ஓட்டோவுக்கு ஒரே வாடகை என்பதால், நெடுந்தீவுக்குத் தனியே போவதும் இருவராகப் போவதும் நட்டம். நாலு பேர் பங்கு போட்டால் சரி. சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. வெயிலைத் தாங்கும் வயதென்றால் அதைவிட மலிவான வழியில்லை.

பகல் பயணத்தின் சிக்கல் நேரம். திரும்பும் படகு பின்னேரம் நேரத்தோடேயே வெளிக்கிட்டுவிடும். போய் இறங்கியதும் முதல் வேலையாக அந்த நேரத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள். காலைப் படகில் போய் அதே நாள் திரும்புகிறவர்கள் குதிரைகளைத் தூரத்தில் புள்ளியாகப் பார்த்துவிட்டு ஓடிவருகிறார்கள். அங்கே விடுதிகள் சில இருக்கின்றன. ஓர் இரவு தங்கினால் செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிகளுக்கிடையே பின்னேர வெயிலில் நடப்பதற்கு அந்தக் காசைக் கொடுக்கலாம் என்பது என் கணக்கு. மழைக்குப் பிறகு, மாசி பங்குனியில் போங்கள். கோடை முற்றினால் தண்ணீரில்லாமல் குதிரைகள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு வர மனம் கேட்காது. இரண்டு தீவையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று திட்டம் போடும் நண்பர் ஒருவர் எல்லாருக்கும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கடல் பயணமே வேண்டாம் என்பவர்களுக்கு வடமராட்சி. பருத்தித்துறைக்கு 750 நெல்லியடியால் போகும், 751 வல்வெட்டித்துறையால் போகும். போகும்போது ஒன்று, வரும்போது மற்றது என்று வைத்துக்கொண்டால் ஒரே காசில் இரண்டு பாதை. வல்வெட்டித்துறைப் பாதையில் தொண்டைமானாற்றில் இறங்கினால் செல்வச்சந்நிதி முருகன் கோயில். அங்கேயும் அன்னதானம், அதனால் மத்தியானச் சாப்பாட்டுச் செலவு இல்லை. பருத்தித்துறையில் வெளிச்சவீட்டுப் பக்கம், வீதிக்கு மேலேயே கல்லால் கட்டிய தெருமூடி மடம் இரண்டையும் நடந்தே பார்க்கலாம். ஊருக்குக் கொண்டுபோக ஒரு பை பருத்தித்துறை வடை. வீடு வரை மிஞ்சினால் அதிசயம்.

வடமராட்சியில் எனக்குப் பிடித்தது அதற்கும் அப்பால், வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டி மணற்காடு. மணல் மேடுகள், சவுக்கங்காடு, மணலில் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் முருகைக்கல் சுவர்கள். ஆனால் பஸ்ஸை நம்பி அங்கே போக முடியாது. பருத்தித்துறையிலிருந்து ஓட்டோ என்றால் போக, காத்திருக்க, வர என்று மூன்று கணக்கு. ஆகவே மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற இருவருக்கு வடமராட்சிதான் முதலிடம். பெற்றோல் மட்டும்தான் செலவு. பஸ்ஸில் வருகிற குடும்பம் பருத்தித்துறையோடு நிறுத்திக்கொள்ளலாம், ஏமாற்றம் இராது.

காரைநகரின் கசூரினாக் கடற்கரையை விட்டுவிட்டாயே என்பீர்கள். அங்கே கடல் ஆழமில்லாதது, பிள்ளைகளை இறக்கிவிடப் பயமில்லை. ஞாயிறு பின்னேரம் மட்டும் வேண்டாம்: வான் நெரிசல், பாட்டு இரைச்சல், சவுக்கு நிழலில் பிளாஸ்டிக். அதே குளிப்புக்கு வேலணை சாட்டிக் கடற்கரை கிட்ட, கூட்டமும் குறைவு. கீரிமலைக் கேணி அரைநாள் விஷயம். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் அந்தக் கேணியில் முழுகிவிட்டு மாவிட்டபுரம், காங்கேசன்துறை பார்த்து வரலாம். 2015 முதல் ரயில் மறுபடியும் காங்கேசன்துறை வரை போகிறது. ரயில் நேரம் நம் வசதிக்கு அமைவது அபூர்வம். பிள்ளைகளுக்கு ரயில் காட்டுவதென்றால் மட்டும் அதைப் பாருங்கள்.

இரண்டு நாளும் கையில் இருந்தால் மன்னாரா, திருகோணமலையா என்ற கேள்வி வரும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு பூநகரியால் மன்னார் கிட்டத்தில் வந்துவிட்டது. நெடுந்தீவில் குதிரை என்றால் மன்னார் நகரில் தெருவுக்குத் தெரு கழுதை. பள்ளிமுனைப் பெருக்கு மரத்தைப் பார்த்தவர்களுக்கு நெடுந்தீவு மரம் தம்பிதான். திருக்கேதீச்சரம், போர்த்துக்கேயர் கோட்டை, தலைமன்னார் எல்லாம் ஒரு பகலிலும் மறுநாள் காலையிலும் அடங்கும். திருகோணமலைக்கு பஸ்ஸிலேயே பெரும்பாலும் ஒரு நாளின் பாதி போய்விடும், நிலாவெளிப் பக்கம் அறை வாடகையும் மன்னாரைப் போல இருக்காது.

இருந்தாலும் வைகாசியிலிருந்து ஆவணி வரை திருகோணமலைப் பக்கம் சாய்வேன். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது நெடுந்தீவுக் கடல் குமுறும், மன்னார்க் கரையும் புழுதிதான். கிழக்குக் கடல் அப்போதுதான் குளம் போல் கிடக்கும். வாடை (வடகீழ்க் காற்று) தொடங்கினால் கணக்கு மாறும்: நிலாவெளியும் பருத்தித்துறையும் குளிக்க உதவா, மன்னார்த் தாம்போதிப் பக்கம் பூநாரைகள் வந்து இறங்கும். அந்த மாதங்களில் மன்னாருக்கு டிக்கெட் எடுங்கள்.