எஸ்யூவியை இறக்க: குட்டை ஸ்பிரிங்கா, காயில்ஓவரா?

என் எஸ்யூவியின் உயரத்தை 30 மில்லிமீட்டர் இறக்கி ஒன்றரை வருடம் ஆகிறது. காயில்ஓவர் போடாமல் வெறும் குட்டை ஸ்பிரிங்கோடு ஏன் நிறுத்தினாய் என்று இன்னும் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். வளைவில் சாய்வது குறையும், வேகத்தடையில் அடி தட்டும் என்பதெல்லாம் எதைப் போட்டாலும் வருவதுதான், அதை விடுவோம்.

காயில்ஓவரில் மரையைத் திருகி உயரத்தை மாற்றலாம், ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஜோடி சேர்ந்தே வரும். ட்ராக்கில் ஓட்டுகிறவர் யோசிக்காமல் அதையே வாங்கலாம். நம்மைப் போன்றவர்கள் முதல் மாதம் ஆசையாகத் திருகிப் பார்ப்போம், அப்புறம் தொடமாட்டோம். அந்த மரையில் சேறும் ஈரமும் ஏறித் துருப்பிடித்தால் ஸ்பேனருக்கு அசையாது. அவ்வப்போது கழுவி, பிரஷ் போட்டுத் தேய்க்கப் பொறுமை வேண்டும். எனக்கு இல்லை.

குட்டை ஸ்பிரிங்கில் அந்த வேலை கிடையாது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது, நானே போய் விழுந்தேன். காசு மிச்சம் என்று பழைய ஷாக்கையே வைத்து மாட்டினேன். ஸ்பிரிங் குட்டையானதும் ஷாக்கின் தண்டு எப்போதும் பாதிக்கு மேல் உள்ளேயே கிடக்கிறது, மேலே போக மீதியிருக்கும் இடம் கொஞ்சம்தான். ஏழு பேரும் சாமானும் ஏறினால் அதுவும் போய், ஒவ்வொரு பள்ளத்துக்கும் பம்ப் ஸ்டாப் என்கிற கடைசித் தடுப்பு ரப்பரில் இடிக்கும். எட்டாவது மாதம் பின்பக்க ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. பிறகு இறக்கிய வண்டிக்கென்றே வரும் குட்டை ஷாக் நான்கும் வாங்கிப் போட்டேன். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் காயில்ஓவரை விட மலிவு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. பராமரிப்பு குறைவு, அதற்காகத்தான் இன்னும் இதன் பக்கம் நிற்கிறேன்.

எதைப் போட்டாலும் வீல் அலைன்மென்ட் உடனே பார்த்துவிடுங்கள். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரை, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வை, திட்டுவார்கள், பெரும்பாலும் தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. ஹெட்லைட்டின் மட்டத்தையும் மறக்க வேண்டாம், முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காவிட்டால் அது மாறிவிடும்.

இன்னும் இறக்கலாமே என்ற ஆசை வரும். முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே தூணாக நின்று, கீழே மட்டும் ஒரு கை சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு) என்றால் அந்தக் கீழ்க்கை சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சரிந்து, ரோல் சென்டர், அதாவது வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, வண்டியின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே போய்விடும், இரண்டுக்கும் இடைவெளி கூடும், அதனால் சாய்வைக் குறைக்கப் போய் அதைக் கூட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்குகிறேன் என்பவரிடம் வண்டியையே கொடுக்காதீர்கள்.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனை நான் வைத்திருந்ததில்லை. நண்பரின் வண்டியில் போனதோடு சரி, சவாரி அருமை, கம்ப்ரசரும் காற்றுப் பையும் பழசானால் என்ன செலவு வைக்கும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கழற்றிய ஸ்பிரிங் நான்கையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன். விற்கும் நாளில் பழையபடி மாட்டிவிட்டால், இறக்கிய வண்டி என்று விலையைக் குறைத்துக் கேட்க இடமிருக்காது.