ரூபிகானா, தி சாண்ட்பேக்கர்ஸா?

2010-இல் அமெரிக்காவின் ஏஎம்சி அலைவரிசையில் 13 அத்தியாயங்களோடு நிறுத்தப்பட்ட 'ரூபிகான்', 1978 முதல் 1980 வரை பிரிட்டனின் ஐடிவியில் 20 அத்தியாயங்கள் வந்த 'தி சாண்ட்பேக்கர்ஸ்' ஆகிய இரண்டுமே உளவுப்பணியை அலுவலக மேசையில் வைத்துக் காட்டிய தொடர்கள். நியூயார்க்கில் கோப்புகளைப் படித்தே களைத்துப்போகும் பகுப்பாய்வாளர்களின் தனிமையை ரூபிகான் அழகாகச் சொல்கிறது. ஆனால் குறுக்கெழுத்துப் புதிரில் தொடங்கும் அதன் சதிக்கதை அவசரமாக முடிகிறது.

அரசியலும் உளவும் மோதும் இடத்தை அறிய விரும்புவோருக்கு நான் சாண்ட்பேக்கர்ஸையே பரிந்துரைப்பேன். அதில் செயற்பிரிவு இயக்குநர் நீல் பர்ன்சைடு, எதிரிகளைவிட லண்டனின் அமைச்சர்களோடும் அதிகாரிகளோடுமே அதிகம் போராடுகிறார். ஒரு நடவடிக்கைக்கு அனுமதி பெறும் வாக்குவாதமே நம்மைப் பதறவைக்கிறது. அதை உருவாக்கிய இயன் மேக்கின்டாஷ் 1979-இல் அலாஸ்கா அருகே சிறு விமானத்தோடு காணாமல் போனார். தொடர் நீளாமல் போனது எனக்கு இன்றும் வருத்தமே.